வேலையை விடுவதற்கு எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்?

பணியும் சட்டமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வேலையை விட்டு விலகும்போது தர வேண்டிய முன்னறிவிப்பைப் பற்றிக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்கள் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கப்படுகின்றன. எழுதியவர்களின் பெயர்களும் அவர்கள் பணிபுரியும் இடங்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சேர்ந்து நான்கு ஆண்டு ஏழு மாதம் முடிந்திருக்கிறது. மொத்தச் சம்பளம் 35,000 ரூபாய்; அதில் அடிப்படைச் சம்பளம் 18,000. திருவனந்தபுரத்தில் வேறொரு வேலை கிடைத்துள்ளது; 20 நாளில் வந்து சேரச் சொல்கிறார்கள். என் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இரண்டு மாத நோட்டீஸ் என்று இருக்கிறது. கிறிஸ்துமஸ் வியாபாரம் முடியாமல் விடவே முடியாது என்கிறார் முதலாளி. சட்டப்படி ஒரு மாதம் போதும் என்கிறார்கள் நண்பர்கள். எது சரி? (வாசகர், வடசேரி)

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்லும் ஒரு மாதம் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பிரிவு. அது முதலாளியின் கையைக் கட்டும் விதி. தானாக விலகுகிற ஊழியர் இத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. தொழிற்சாலைகளுக்கு 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகள் (வேலை நிபந்தனைகளைச் சொல்லும் விதிகள்), மாதச் சம்பளம் பெறுபவருக்கு ஒரு மாதம் என்றும் மற்றத் தொழிலாளர்களுக்கு இரண்டு வாரம் என்றும் இரு தரப்புக்கும் பொதுவாகக் கூறின. ஆனால் ஜவுளிக் கடையின் கணக்குப் பிரிவுக்கு அவை பொருந்தா. ஆகவே உங்களுக்கு அடிப்படை ஆவணம் நீங்கள் கையெழுத்திட்ட நியமன ஆணைதான். அதில் இரண்டு மாதம் என்று இருந்தால் இரண்டு மாதமே.

அதற்காக, கிறிஸ்துமஸ் முடியும்வரை உங்களை வலுக்கட்டாயமாக வேலை பார்க்க வைக்க முதலாளியால் முடியும் என்று பொருளில்லை. ஒருவருடைய சொந்த உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றும்படி நீதிமன்றம் கட்டளையிடாது என்பது 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தில் உள்ள கொள்கை. முன்னறிவிப்பு நாட்களை முடிக்காமல் போனால் நிறுவனம் கேட்கக்கூடியது பணம் மட்டுமே. அதோடு ரிலீவிங் ஆர்டர் தருவதில் இழுத்தடிப்பு இருக்கும், அடுத்த நிறுவனம் விசாரிக்கும்போது நல்ல வார்த்தை வராது. இந்த மூன்றையும் எடை போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, நியமன ஆணையில் அந்த வாக்கியம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். "இரண்டு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம்" என்று இருந்தால், மீதி நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகும் உரிமை உங்களுக்கு உண்டு. சில நிறுவனங்கள் அந்த விருப்பத்தைத் தங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும். அப்படியானால் முதலாளியின் சம்மதம் வேண்டும். ஈடான சம்பளம் என்பது மொத்தச் சம்பளமா, அடிப்படைச் சம்பளமா என்பதும் ஆணையில் இருக்க வேண்டும். நீங்கள் 20 நாள் மட்டும் இருந்துவிட்டு 40 நாளைக்குப் பணம் கட்டுவதானால், அடிப்படைச் சம்பளக் கணக்கில் 24,000 ரூபாய், மொத்தச் சம்பளக் கணக்கில் ஏறத்தாழ 46,667 ரூபாய். இந்தத் தொகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்துப் பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. அப்படிப் பிடிக்கும் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மத்திய அரசு 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்திவிட்டது. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கண்ணில் பட்டது வேறொன்று. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி தேவை என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கும் அது உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுக்கு ஐந்தாம் ஆண்டில் ஏழு மாதம், அதாவது ஏறக்குறைய 213 நாள் முடிந்திருக்கிறது. 20 நாளில் கிளம்பினால் 233-இல் நின்றுவிடுவீர்கள். இரண்டு மாதமும் இருந்தால் 270 நாளைத் தாண்டுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துத்தான் எண்ணுவேன் என்று நிறுவனம் வாதிட்டாலும் குறை சொல்ல இடமில்லாதபடி இன்னும் இரண்டு வாரம் கூடுதலாக இருந்துவிடுவது புத்திசாலித்தனம். இடையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அந்த நாட்களையும் ஈடுகட்டிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கொள்ளப்படுவதால், கடைசி அடிப்படைச் சம்பளம் 18,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, ஐந்து ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 51,923 ரூபாய் வருகிறது. நீங்கள் தப்பித்துக்கொள்ளப் பார்க்கும் அதே இரண்டு மாதம்தான் இந்தத் தொகையைப் பெற்றுத் தரப்போகிறது. முன்னதாகப் போனால் இதையும் இழந்து, மேலே சொன்ன ஈட்டுத் தொகையையும் கட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே உங்கள் முதலாளியோடு மல்லுக்கட்டுவதைவிட, திருவனந்தபுரத்து நிறுவனத்திடம் அவகாசம் கேட்பதே முதல் வேலை. 20 நாள் என்று கேட்பவர்களில் பலர், காரணத்தை எழுத்தில் கொடுத்து ஒரு தேதியையும் உறுதியாகச் சொன்னால் காத்திருக்கிறார்கள். அந்தச் சம்மதமும், சம்பளமும் சேர வேண்டிய தேதியும் குறித்த ஆஃபர் லெட்டரும் கைக்கு வந்த பிறகே ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். நம் மாவட்டத்தில், ஜவுளிக் கடைக்குக் கிறிஸ்துமஸ் மாதத்தில் கணக்காளர் இல்லாமல் போவது உண்மையிலேயே கஷ்டம் என்பதை மறுக்க முடியாது. உங்கள் முதலாளி பிடிவாதம் பிடிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டிசம்பர் மாத விற்பனைக்கான ஜி.எஸ்.டி. கணக்கு ஜனவரி 11-லும் 20-லும் தாக்கல் ஆகும் வகையில் முடித்து, இணையதளக் கடவுச்சொற்களையும் பில் கோப்புகளையும் ஒப்படைத்துவிட்டு ஜனவரி 20 அன்று விலகுகிறேன் என்று நவம்பர் முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுத்தால், அவருடைய தேவையும் உங்கள் 240 நாளும் ஒரே தேதியில் வந்து முடிகின்றன.

கடிதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முன்னறிவிப்பு நாட்கள் கடிதம் எழுதிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் தொடங்கும். முதலாளியிடம் வாய்மொழியாகச் சொன்னதும், வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் பின்னால் மறுக்கப்பட்டால் நிரூபிப்பது கடினம். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்பி அதை உங்கள் சொந்த முகவரியிலும் சேமித்து வையுங்கள். இரண்டு மாதம் என்பதும் 60 நாள் என்பதும் எப்போதும் ஒன்றல்ல: ஜனவரி 10 அன்று கொடுத்த கடிதத்துக்கு, பிப்ரவரிக்கு 28 நாள் உள்ள ஆண்டில், இரண்டு மாதம் மார்ச் 10-இல் முடியும், 60 நாள் மார்ச் 11 வரை போகும். இந்தச் சச்சரவே எழாதபடி கடைசி வேலை நாள் எது என்பதைக் கடிதத்தில் தேதியாகவே எழுதிவிடுங்கள். மனக்குறைகளை அதில் எழுத வேண்டாம். விலகுகிறேன் என்ற செய்தி, கடைசி நாள், ஒப்படைப்பு, நன்றி என்று நான்கு வரி போதும்.

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இரண்டு வருட பாண்டில் 14 மாதம் முடிந்துவிட்டது. முன்னதாகப் போனால் ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். என் பி.எஸ்சி. நர்சிங் அசல் சான்றிதழ்களும் அவர்களிடம் உள்ளன. வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்கிறேன். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் விட்டுவிடுவார்களா? (வாசகி, குழித்துறை)

பதில்: முன்னறிவிப்பு, பாண்ட், சான்றிதழ் மூன்றும் தனித்தனி விஷயங்கள் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைகள் மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து பேசுவதால்தான் உங்களைப் போன்ற பிள்ளைகள் குழம்பிப்போகிறார்கள். ஒரு மாத நோட்டீஸை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் பாண்ட் தானாகத் தீர்ந்துவிடாது. அதேபோல், பாண்ட் இருக்கிறது என்பதற்காக உங்கள் ராஜினாமாவைப் பெற்றுக்கொள்ள மறுக்கவும் முடியாது.

பாண்ட் செல்லவே செல்லாது என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. விஜயா வங்கியின் அதிகாரி ஒருவர் மூன்று ஆண்டு முடியும் முன்பே விலகியதற்காகக் கட்டிய இரண்டு லட்சம் ரூபாயைத் திரும்பக் கேட்ட வழக்கில், குறைந்தபட்சப் பணிக்கால நிபந்தனை, தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பதாகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே பேசப்பட்டது ஒரு பொதுத்துறை வங்கி. ஒரு பணியிடத்தை நிரப்ப அது அகில இந்திய அளவில் விளம்பரம் செய்து தேர்வு நடத்த வேண்டியிருக்கிறது என்பதை நீதிமன்றம் கணக்கில் கொண்டது. உங்கள் மருத்துவமனை உங்களுக்குத் தனியாகப் பயிற்சி தந்து செலவு செய்ததா, செய்திருந்தால் எவ்வளவு என்பதுதான் உங்கள் விஷயத்தில் கேள்வி. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே; அதற்குள் நியாயமான இழப்பீடு எதுவோ அதைத்தான் நீதிமன்றம் அனுமதிக்கும். 24 மாதத்தில் 14 மாதம் வேலை செய்துவிட்டவரிடம் முழு லட்சத்தையும் கேட்பது நியாயமாகாது. மீதமுள்ள மாதங்களின் விகிதத்தில் ஒரு தொகைக்குப் பேசி, எழுத்தில் முடித்துக்கொள்வதே பெரும்பாலும் நடக்கிறது.

சான்றிதழ் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. தனக்கு வரவேண்டிய பாக்கிக்காகப் பிறர் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொதுவான உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு வங்கியாளர் போன்ற சில வகையினருக்கு மட்டுமே தருகிறது. அந்தப் பட்டியலில் முதலாளி இல்லை. படிப்புச் சான்றிதழ் விற்று வாங்கும் சரக்கு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது. எந்தெந்தச் சான்றிதழ்களை, எந்தத் தேதியில் ஒப்படைத்தீர்கள் என்று எழுதித் திருப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் நாகர்கோவில் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நோட்டீஸ் கொடுக்காமல் இரவோடு இரவாகக் கிளம்பிவிட வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. வளைகுடா நாடுகளின் சுகாதாரத் துறைகள் உங்கள் பணி அனுபவத்தை டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்கள் வழியாக நேரடியாக இதே மருத்துவமனையிடம்தான் விசாரிக்கும். நீங்கள் எத்தனை மாதம் வேலை செய்தீர்கள், எப்படி விலகினீர்கள் என்பதற்கு இவர்கள்தான் பதில் எழுதப்போகிறார்கள். ஒரு மாதத்தைப் பொறுமையாக முடித்து, அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.

கேள்வி: என் மகன் துபாயில் ஏ.சி. மெக்கானிக்காகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. தங்கையின் கல்யாணத்துக்கு லீவில் வந்தவன், திரும்பிப் போக விருப்பமில்லை என்கிறான். அங்கே நோட்டீஸ் கொடுக்க வேண்டுமா? பேசாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும்? (வாசகர், குலசேகரம்)

பதில்: பேசாமல் இருந்துவிடுவதுதான் இதில் மிக மோசமான வழி. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டப்படி, தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே நான்கு மாதம் முடித்த உங்கள் மகன் அநேகமாக இன்னும் அதற்குள்தான் இருப்பார். ஒப்பந்தத்தில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நாட்டை விட்டே போக நினைப்பவர் 14 நாளுக்குக் குறையாமலும், அங்கேயே வேறு நிறுவனத்துக்கு மாற நினைப்பவர் ஒரு மாதத்துக்குக் குறையாமலும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் நாட்டை விட்டுப் போனவருக்கு ஓராண்டுக்குப் புதிய வேலை அனுமதி தரப்படாது. தகுதிகாண் காலம் முடிந்தவர்களுக்கு, ஒப்பந்தத்தில் உள்ளபடி 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளுக்கு மிகாமலும் முன்னறிவிப்பு இருக்கும்.

லீவு முடிந்து, தகுந்த காரணமின்றி ஏழு நாளுக்கு மேல் தொடர்ந்து வேலைக்கு வராதவரை நோட்டீஸ் இல்லாமலே நீக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. வேலையைக் கைவிட்டு ஓடியதாக அமைச்சகத்தில் புகாரும் பதியப்படலாம். இப்போது வெறுத்து வந்தவர் நாளைக்கே மனம் மாறி அபுதாபிக்கோ சார்ஜாவுக்கோ போக நினைத்தால், அந்தப் புகார் வழிமறிக்கும். எனவே லீவு முடிவதற்கு முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் 14 நாள் முன்னறிவிப்பு அனுப்பி, விசாவை ரத்து செய்யச் சொல்லி, ரத்து செய்ததற்கான தாளின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அவரை வரவழைத்த செலவைக் கொடு என்று நிறுவனம் கேட்டால், ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதை அதே சட்டம் தடை செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வீட்டு வேலை, வீட்டு டிரைவர் வேலைக்குப் போனவர்களுக்கு அங்கே தனிச் சட்டம் இருக்கிறது; மேலே சொன்னவை அவர்களுக்குப் பொருந்தா.

கொல்லங்கோட்டிலிருந்தும் கருங்கலிலிருந்தும் இதே கேள்வியை வேறு நாடுகளைக் குறிப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். கத்தாரில் இரண்டு ஆண்டு வரை பணி செய்தவருக்கு ஒரு மாதம், அதற்கு மேல் இரண்டு மாதம். குவைத்தில் மாதச் சம்பளக்காரருக்கு மூன்று மாதம். அமீரகத்தில் வேலை பார்த்துவிட்டுக் குவைத்துக்கு மாறுகிறவர்கள் அங்கேயும் ஒரு மாதம் என்று எண்ணிக்கொண்டு சிக்கலில் மாட்டுவது இதனால்தான்.

கேள்வி: அருமனை பக்கம் ஒரு தனியார் ரப்பர் தோட்டத்தில் ஆறு வருடமாகப் பால் வெட்டுகிறேன். மகளுடைய படிப்புக்காக முதலாளியிடம் 40,000 ரூபாய் வாங்கியிருக்கிறேன். கூலி கூடுதலாகக் கிடைக்கும் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்றால், பணத்தை அடைக்காமல் போகக் கூடாது என்கிறார். எனக்கெல்லாம் நோட்டீஸ் உண்டா? (வாசகர், அருமனை)

பதில்: எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லாதவருக்கு இத்தனை நாள் என்று யாரும் வரம்பு கட்ட முடியாது. நியாயமான அளவுக்கு முன்னதாகச் சொல்ல வேண்டும், அவ்வளவே. மாதிரி நிலையாணைகளில் மாதச் சம்பளம் அல்லாத தொழிலாளிக்குச் சொல்லப்பட்ட இரண்டு வாரத்தை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இலை உதிர்ந்து பால் வெட்டு நிற்கும் மாதங்களில் விலகினால் முதலாளிக்கும் நட்டமில்லை, மறு வெட்டுத் தொடங்கும் முன்பு அவர் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். வெட்டு நடக்கும் நல்ல நாளில் மரங்களைச் சும்மா விட்டுவிட்டுப் போவது, உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் அதைக் கெடுத்துவிடும்.

40,000 ரூபாய் கடன்தான். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. ஆனால் அந்தக் கடனுக்காக ஆளை வேலையில் பிடித்து வைப்பதும், வேறிடத்தில் வேலைக்குப் போகாதே என்று தடுப்பதும் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் வரம்புக்குள் போய்விடும். அது தண்டனைக்குரிய குற்றம் என்பது உங்கள் முதலாளிக்குத் தெரியாமல் இருக்கலாம். சண்டையாக இதைச் சொல்லாமல், ஊரில் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு, மாதம் இவ்வளவு என்று தவணை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு விலகுங்கள். இன்னொன்று: தோட்டத்தின் பரப்பும் ஆட்களின் எண்ணிக்கையும் சட்ட வரம்புக்குள் வந்தால் ஆறு வருடத்துக்கு உங்களுக்குப் பணிக்கொடையே வர வேண்டியிருக்கும். நாகர்கோவிலில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள். அந்தத் தொகை கிடைத்தால் கடனில் ஒரு பகுதியை நீங்கள் அடைத்துவிடலாம்.

கேள்வி: தக்கலையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏப்ரலில் ராஜினாமா செய்தால் மே மாதச் சம்பளம் கிடைக்குமா?

பதில்: உங்கள் கடைசி வேலை நாள் எந்தத் தேதி என்பதைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலம் மே 31-இல் முடியும்படி கடிதம் கொடுத்தால், மே முழுவதும் நீங்கள் பணியில் இருப்பவர்தான். விடுமுறை என்பதால் அது மாறாது. ஏப்ரல் 30 அன்றே விடுவிக்கும்படி நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு மே சம்பளம் கேட்பது சரியாகாது. பிப்ரவரியில், பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில், பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் நடுவில் விட்டுவிட்டு விலகுவதை, ஒப்பந்தம் அனுமதித்தாலும் நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: முந்திரி ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஒரு வாக்குவாதத்தில் கோபப்பட்டு, மாதக் கடைசியோடு விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் நாளே மனம் மாறிவிட்டது. திரும்பப் பெற முடியுமா? (வாசகர், இரணியல்)

பதில்: முடியும், ஆனால் இன்றே செய்யுங்கள். குறிப்பிட்ட ஒரு வருங்காலத் தேதியிலிருந்து விலகுகிறேன் என்று கொடுத்த ராஜினாமாவை, அந்தத் தேதி வருவதற்கு முன்பு திரும்பப் பெறலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1978-இல் நிலைநாட்டியது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் 1977 ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக மே மாதத்தில் எழுதிவிட்டு, ஜூலை 15 அன்று அதைத் திரும்பப் பெற்றதைப் பற்றிய வழக்கு அது. தனியார் நிறுவனங்களிலும் இந்தக் கொள்கை பொதுவாக எடுத்தாளப்படுகிறது. பணி விதிகளில் இதற்கு மாறாக ஏதேனும் எழுதப்பட்டிருந்தால் மட்டும் சிக்கல் வரும். "உடனடியாக விலகுகிறேன்" என்று எழுதி, அதை ஏற்றுக்கொண்டு கணக்கையும் முடித்துவிட்டிருந்தால் வழி அடைபட்டுவிடும். நீங்கள் மாதக் கடைசி என்று எழுதியது உங்கள் நல்ல காலம்.

விதிவிலக்கும் உண்டு. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானி ஒருவர் ஆறு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பின்னர் திரும்பப் பெற முயன்றபோது, பொதுமக்களின் பயணத்தைக் கருதியே அந்த நீண்ட முன்னறிவிப்பு விதிக்கப்பட்டிருக்கிறது என்று கூறி 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. முந்திரி ஆலைக்கு அப்படியொரு பொதுநலன் இருப்பதாக யாரும் வாதிட மாட்டார்கள் என்று நம்பலாம்.

கேள்வி: நோட்டீஸ் காலம் முழுவதும் வேலை செய்து முடித்தும், கடைசி மாதச் சம்பளத்தை "ஹெட் ஆபீஸிலிருந்து வரும்" என்று சொல்லியே இரண்டு மாதமாக இழுக்கிறார்கள். பி.எஃப். கணக்கிலும் நான் இன்னும் வேலையில் இருப்பதாகவே காட்டுகிறது. என்ன செய்யலாம்? (வாசகர், குளச்சல்)

பதில்: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின் 17-ஆம் பிரிவின்படி, ராஜினாமா செய்தவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை விலகிய நாளிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். முன்பெல்லாம் 45 நாள், 60 நாள் என்று நிறுவனங்கள் தாங்களாக வைத்திருந்த செட்டில்மென்ட் வழக்கத்துக்கு இதில் இடமில்லை. கடைசி வேலை நாளைக் காட்டும் ரிலீவிங் ஆர்டர் அல்லது ராஜினாமா ஏற்புக் கடிதத்தின் நகலை இணைத்து, இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

பி.எஃப். விஷயத்தில் நிறுவனத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கடைசிச் சந்தா செலுத்தப்பட்டு இரண்டு மாதம் கடந்ததும், ஆதாருடன் இணைந்த யு.ஏ.என். எண்ணைக் (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) கொண்டு உறுப்பினர் இணையதளத்தில் விலகிய தேதியை நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். அந்தத் தேதி கடைசிச் சந்தா கட்டப்பட்ட மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை பதிந்த பிறகு அதைத் திருத்துவது எளிதல்ல என்பதால், ரிலீவிங் ஆர்டரில் உள்ள தேதியையே பார்த்து இடுங்கள். அதன் பிறகு புதிய நிறுவனத்தின் கணக்குக்குத் தொகையை மாற்ற விண்ணப்பிக்கலாம்.